பிடியரிசிக் கலயம்

நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், முதலூர் என்று தேரிக்காட்டை ஒட்டிய ஊர்களில் பழைய ஓட்டு வீடு எதையாவது பிரித்துக் கட்டும்போது, அடுக்களைப் பரணிலிருந்து இறங்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே ஒரு சின்னக் கலயம் கிடக்கும். பழைய பாத்திரம் எடுக்க வருகிறவர் பித்தளைக் குடத்தை நிறுத்துப் பார்ப்பார், வெண்கல உருளியைத் தட்டிப் பார்ப்பார், இதை ஓரமாகத் தள்ளிவிடுவார். சில வீடுகளில் மண் கலயத்துக்குப் பதில் துருவேறிய பிஸ்கட் டப்பா இருக்கும். எழுபது தாண்டியவர் ஒருவர் வீட்டில் இருந்தால்தான் அது பிடியரிசிக் கலயம் என்று சொல்வார். ஒரு காலத்தில் அதற்கு இடம் பரண் இல்லை, அரிசிப் பானையின் பக்கம். உலை வைக்கும் நேரத்தில் அந்த வீட்டுப் பெண் உழக்கால் அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவாள், கல் பொறுக்குவாள், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கை அள்ளிக் கலயத்தில் போடுவாள். போடும்போது உதடு அசையும். எங்கோ தெலுங்கு நாட்டில், தான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு ஊரில் இருக்கும் ஊழியக்காரருக்காக இரண்டு வார்த்தை. அதற்கு மேல் அந்த ஜெபம் நீளாது, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பிடி எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மூட்டையில் கைவிட்டு எடுத்தால் யாருக்கும் நஷ்டம் தெரியாது. அன்றைய சோற்றுக்கு அளந்து வைத்ததிலிருந்து எடுத்தால் தெரியும். நாலு பேருக்கு அளந்ததில் ஒரு பிடி குறைந்தால் அது யாருடைய வட்டிலில் குறையும் என்பதை நம் ஊர் அடுக்களையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவளின் வட்டிலில்தான். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பனையோலைக் கடகத்தில் ஒவ்வொரு வீட்டு அரிசியும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். புழுங்கல், பச்சை, சிவப்புச் சம்பா, ரேஷன் அரிசி எல்லாம் கலந்துபோனால் ஒரே பதத்தில் வேகாது, ஆகவே கடைக்காரரிடம் நல்ல விலைக்குப் போகாது. ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் விடும்போது, அதன் சந்தை விலை தெரிந்தும் கூட்டிக் கேட்கிறவர்கள் இருந்தார்கள். பிடியரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமான வழக்கமும் இல்லை. காஞ்சிப் பெரியவர் ஏழைகளின் சாப்பாட்டுக்காக அதே பெயரில் ஒரு திட்டத்தையே நடத்தினார். தமிழ் வீட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு பழக்கத்தைத் திருநெல்வேலிச் சபை எடுத்து, ஜெபத்தோடு கட்டிவைத்தது. அந்தக் கட்டைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

கன்வென்ஷன் மேடைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் அறிவுரை, ஜெபித்தால் மட்டும் போதாது, செயலில் இறங்குங்கள் என்பது. செயல் என்றால் என்னவென்று கேட்டால், கைப்பிரதி எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போவது, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் இயேசுவைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பது, ஒலிபெருக்கி கட்டுவது என்று பட்டியல் வரும். முழங்காலிலிருந்து நேரே நாக்குக்குத் தாவுகிற இந்தத் தாவலில்தான் எனக்குச் சந்தேகம். இரண்டுக்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது: கேட்டதற்கு நாமே பொறுப்பாளியாவது. ஒருவருக்காக ஜெபிக்கிறவர் அந்த ஜெபத்தின் பதிலில் தனக்கும் ஒரு பங்கு விழும், அதற்குத் தன் கையிலிருந்து ஏதாவது போகும் என்று ஒத்துக்கொள்ளும் இடம் அது. அந்த இடத்தைக் கடந்து வந்த பேச்சுக்குக் கனம் உண்டு. அதைத் தாண்டிக் குதித்து வந்த பேச்சு எவ்வளவு உரக்க ஒலித்தாலும் விளம்பரமாகத்தான் கேட்கிறது, கேட்கிறவர்களுக்கும் அது தெரிந்துவிடுகிறது. கலயம் நின்றது அந்த நடு இடத்தில்.

வேதத்திலேயே இதற்கு ஆதாரம் தேடினால் மத்தேயு ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசியில் கிடைக்கும். அறுப்பு மிகுதி, ஆட்கள் குறைவு, ஆகவே அறுப்புக்கு எஜமான் ஆட்களை அனுப்பும்படி வேண்டிக்கொள்ளுங்கள் என்று இயேசு சீடர்களிடம் சொல்கிறார். அதிகாரப் பிரிப்பு பல நூற்றாண்டு பிந்தி வந்தது. அதை எடுத்துவிட்டு வாசித்தால் அடுத்த வரிகளிலேயே அதே சீடர்களைக் கூப்பிட்டு அனுப்புகிறார். ஆள் வேண்டுமென்று கேட்கச் சொன்னவர்களையே ஆளாக்கிவிட்டார். நெகேமியாவின் கதை இன்னும் நடைமுறையானது. எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேட்டு உபவாசமிருந்து ஜெபித்தவர் பெர்சிய அரண்மனையில் பானபாத்திரக்காரர். கிஸ்லேவ் மாதத்தில் தொடங்கிய ஜெபம், நிசான் மாதத்தில் ராஜா முகத்தைப் பார்த்து விசாரிக்கும்வரை போகிறது. என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதும் அவர் தடுமாறவில்லை. எவ்வளவு நாள் லீவு, எந்த அதிபதிகளுக்குக் கடிதம், வாசல்களுக்கும் மதிலுக்கும் எந்த வனக்காவலனிடமிருந்து மரம் என்று மடமடவென்று சொல்கிறார். ஜெபித்த அந்த நாலு மாதத்தில் மரக்கணக்கும் போட்டிருக்கிறார் என்றுதானே பொருள்? வேலை போகும், ஒருவேளை தலையும் போகும் என்று தெரிந்தே போட்ட கணக்கு.

வேத காலத்தைப் பேசினால் அது அந்தக் காலம் என்று தள்ளிவிடலாம். நம் கைக்கு எட்டுகிற ஒரு சங்கிலியைப் பார்ப்போம். 1806 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர் திறந்தவெளியில் ஜெபிக்கப் போனார்கள். இடிமழை பிடித்தது, ஒரு வைக்கோற்போரின் மறைவில் ஒதுங்கினார்கள். ஆசியாவுக்கு நற்செய்தி போக வேண்டும் என்பதே அன்றைக்கு அவர்களின் பேச்சும் ஜெபமும். முன்னின்ற சாமுவேல் மில்ஸ் என்ற மாணவரும் நண்பர்களும் அத்தோடு விடவில்லை, போகத் தயாரானவர்கள் மட்டும் சேரும் சிறு வட்டம் ஒன்றை அமைத்தார்கள். அதன் நெருக்கலில் 1810இல் அமெரிக்க மிஷன் போர்டு உருவானது. 1816இல் அந்த போர்டின் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். அவர்களில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் மில்ஸின் வட்டத்தைச் சேர்ந்தவர். ஆறே ஆண்டில், 1822இல், அங்கேயே இறந்துபோனார். அடுத்து 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பள்ளி, பிறகு மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த மருத்துவமனை என்று அந்த மிஷன் வேர் பிடித்தது. நூற்றாண்டு திரும்பும்போது யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்கள் வாங்குகிறவர்களாக மட்டும் இல்லை. தங்கள் காசைச் சேர்த்துக் கடல் தாண்டித் தமிழகக் கரைக்குத் தங்கள் ஆளை அனுப்பியிருந்தார்கள்.

அந்த யாழ்ப்பாணத்துக்குத்தான் 1902இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இருந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா போய்ச் சேர்ந்தார். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு சபைப் போதகருக்குப் பிறந்தவர். தமிழகக் கரைக்கு ஊழியர் அனுப்பும் அந்தச் சின்னத் தீவகற்பத்துச் சபையைப் பார்த்தபோது, தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருந்தும் தன் திருநெல்வேலிச் சபை வெளியே ஒருவரையும் அனுப்பவில்லை என்பது அவரை உறுத்தியது. அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரி 12ஆம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் கொள்கை. இடம் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல். இன்று இதில் வியப்பாக ஒன்றும் தோன்றாது. வெள்ளைக்கார மிஷனரியின் சம்பளமும் பங்களாவும் கடல் கடந்து வந்துகொண்டிருந்த காலத்தில், பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த ஒரு சபை, மொழி தெரியாத ஊருக்குத் தன் ஆளைத் தன் செலவில் அனுப்புகிறேன் என்றது சாதாரணப் பேச்சில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு மேலே சொன்ன கடகத்திலிருந்து வந்தது. 1909இல் அசரியாவே பட்டணத்து உத்தியோகத்தை விட்டுவிட்டு, தெலுங்கு கற்று, தோர்ணக்கலுக்குக் குடிபோனார். அனுப்ப வேண்டும் என்று ஜெபித்த கூட்டத்தில் இருந்தவர் அனுப்பப்பட்டவர் ஆனார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவர் பிஷப்பாக அபிஷேகம் பெற்றபோது, ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். ஒரு வைக்கோற்போரின் அடியில் தொடங்கியது யாழ்ப்பாணம் வழியாகப் பாளையங்கோட்டைக்கும் அங்கிருந்து தெலுங்கு நாட்டுக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஜெபித்தவர்கள் எதையோ இழந்திருக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வருவதற்குச் சாட்சி.

இதற்கு முதல் மறுப்பு சபைக்குள்ளிருந்தே வரும். ஜெபம் அறைக்குள், கதவைப் பூட்டிக்கொண்டு, அந்தரங்கமாகச் செய்ய வேண்டியது என்று இயேசுவே மலைப்பிரசங்கத்தில் சொன்னாரே, அதை ஊருக்குக் காட்டும் செயலோடு எதற்குக் கட்ட வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பகுதி கண்டிப்பது தெருமுனையில் நின்று மனுஷர் காண ஜெபிக்கும் பாசாங்கை. கலயத்தில் விழுந்த பிடியை யார் பார்த்தார்கள்? வீட்டு ஆண்களில் பாதிப் பேருக்கு அது எப்போது நிறைகிறது என்றே தெரியாது. கோயிலில் கடகத்தில் கொட்டிய பிறகு எது யாருடைய அரிசி என்று பிரித்தறிய முடியாது. சங்கக் காணிக்கைக்கு ரசீது உண்டு, ஏலம் எடுத்தவர் பெயர் கணக்கில் ஏறும், ஆலயச் சுவரில் கல் பதித்தவர் பெயர் கல்லிலேயே ஏறும். பிடியரிசிக்காரிக்கு எந்தப் புத்தகத்திலும் பெயரில்லை. அறைக்குள் செய்யும் ஜெபத்தின் அந்தரங்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதைச் செயலாக மாற்ற ஒரு வழி உண்டென்றால், இதைவிடப் பொருத்தமாக இன்னொன்றைக் காட்டுவது கஷ்டம். உபதேசியார் சம்பளம், ஊழியரின் ரயில் கட்டணம், பணித்தளத்துப் பள்ளிக்கூடத்தின் கூரை எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணின் கை இருந்தது. அவள் போகவில்லை, ஆனால் போகாமலும் இல்லை.

இரண்டாவது மறுப்பு வெளியிலிருந்து வருவது, கூர்மையானது. அரிசியைப் பற்றிப் பெருமை பேசுகிறீர்களே, திருநெல்வேலியில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களானதே அரிசிக்காகத்தானே என்பது. 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தின்போதும் அதையடுத்தும் அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மிஷன் சபைகளில் சேர்ந்தது உண்மை. இடையன்குடியில் மிஷனரியாக இருந்த கால்டுவெல், சேர வருகிறவர்களின் நோக்கங்கள் கலந்தே இருந்தன என்பதை மறைத்து எழுதியவரில்லை. கஞ்சித்தொட்டி வைத்தவரின் சாமியைப் பசித்தவர் நம்பியதில் குற்றம் காண்பவர், முதலில் அந்தப் பசி நேரத்தில் தன் கதவு திறந்திருந்ததா என்று யோசிப்பது நல்லது. என்றாலும் குற்றச்சாட்டை அவ்வளவு எளிதாக உதறிவிட எனக்கு மனமில்லை. உதவியை விசுவாசத்தின் விலையாக ஆக்கிய இடங்கள் உண்டு. இன்றைக்கும் சுகமளிக்கும் கூட்டங்களில் வேலையும் வீடும் வாக்குத்தத்தமாக விற்பனையாவதை யாரும் பார்க்கலாம். அதை நியாயப்படுத்த எந்த வசனமும் இல்லை. நான் கேட்பது வேறு: பஞ்சத்தில் வந்தவர்களின் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பஞ்சத்துக்கும் இந்திய மிஷனரி சங்கத்துக்கும் நடுவே இருபத்தைந்து ஆண்டுதான். அரிசிக்காக வந்தவர்கள் என்று பரிகாசம் செய்யப்பட்டவர்களின் வீட்டில், ஒரு தலைமுறைக்குள், அரிசிப் பானை பக்கத்தில் கலயம் வந்துவிட்டது. விலைக்கு வாங்கப்பட்ட விசுவாசம் இன்னொருவருக்காகத் தன் சோற்றைக் குறைத்துக்கொள்ளாது. வாங்கியவர் வாங்கிக்கொண்டே இருப்பார், நின்றால் போய்விடுவார். கொடுக்கத் தொடங்கியதுதான் அவர்கள் எதற்காகத் தங்கினார்கள் என்பதற்கு நான் காணும் நேர்மையான பதில்.

மூன்றாவது மறுப்பைச் சொன்னவர் காந்தி. ரோஜா தன் மணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை, கிறிஸ்தவர்களும் வாழ்ந்து காட்டட்டும், வாயால் பரப்ப வேண்டாம் என்ற பொருளில் மிஷனரிகளிடம் அவர் பலமுறை பேசினார். 1930களில் ஒடுக்கப்பட்ட மக்களின் மதமாற்றம் பற்றி அவருக்கும் அசரியாவுக்கும் இடையே இருந்த கருத்து வேறுபாடு ஊரறிந்தது. ரோஜா உதாரணம் அழகானது, பாதி சரியானதும்கூட. மணமில்லாதவர்கள் போடும் பிரசங்கத்தால் கிறிஸ்தவம் பட்ட கெட்ட பெயர் கொஞ்சமல்ல. ஆனால் மனிதன் பேசுகிற பிராணி. தன் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட ஒன்றைப் பற்றி ஒருவர் வாய் திறக்கக் கூடாது என்றால், அவரிடம் யாரும் மறுத்துப் பேசவும் முடியாது. சொன்னால்தான் தர்க்கம் செய்யலாம், ஒத்துக்கொள்ளலாம், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லலாம். யாழ்ப்பாணமே இதற்கு உதாரணம். பீட்டர் பெர்சிவல் என்ற வெஸ்லியன் பாதிரியாருடன் சேர்ந்து பைபிளைத் தமிழாக்க உழைத்த ஆறுமுக நாவலர், அந்தப் பாதிரிமாரின் கருவிகளையே கையில் எடுத்தார். 1847 டிசம்பர் கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார், பள்ளிக்கூடம் வைத்தார், அச்சகம் நிறுவினார். வட்டுக்கோட்டை செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை சைவராக நின்று தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். மிஷன் நோக்கில் இவை தோல்விகள் என்று ஒருவர் கணக்குப் போடலாம். நான் அப்படிப் போட மாட்டேன். திறந்த பேச்சு திறந்த பதிலைப் பெற்றது, அதில் தமிழுக்கு உரைநடையும் பதிப்பும் கிடைத்தன. மௌனமாக மணம் வீசியிருந்தால் இது நடந்திருக்காது.

சட்டத்தைப் பற்றி ஓரிரு வார்த்தை போதும். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை மதத்தைப் பரப்பும் உரிமை பற்றி விவாதித்தபோது, அந்த உரிமை இருக்கட்டும் என்று வாதாடியவர்களில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒருவர். ஆண்டுக்கணக்கில் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் படித்தும் தன்னை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்று தன் அனுபவத்தையே அவர் சாட்சியாக வைத்தார். அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் அந்த உரிமை இடம்பெற்றது. பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்போடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. விசுவாசத்தின் கோணத்தில் பார்த்தால் அதில் பதற ஒன்றுமில்லை. மாற்றுவது தன் வேலை என்று எந்த உபதேசியாரும் சொல்லக் கூடாது, அது தேவனுடைய வேலை என்றே சபை எப்போதும் கற்பித்து வந்திருக்கிறது. எண்ணிக்கையை உயர்த்திக் காட்டும் அறிக்கைகளில்தான் அது மறந்துபோகிறது. ஜெபம் நடுவில் இருந்தால் பேசுகிறவர் தன் எல்லையைத் தெரிந்தவராக இருப்பார். பேசுவது அவர் பொறுப்பு, கேட்டவர் என்ன செய்கிறார் என்பது அவர் கையில் இல்லை. வற்புறுத்தலுக்கும் ஆசைகாட்டலுக்கும் அங்கே வேலையே இல்லாமல் போகிறது.

வெளியார் மறுப்புகளைவிட எனக்குக் கனமாகத் தோன்றுவது, அந்தக் கலயத்தை வைத்திருந்தவர்கள் தங்களிடமே கேட்காமல் விட்ட ஒன்று. தோர்ணக்கலுக்கு ஜெபித்த தெருவில், இரண்டு தெரு தள்ளியிருந்த சேரிக்காக எத்தனை கலயம் நிறைந்தது? தூரத்து ஊருக்காக ஜெபிப்பது சுலபம். அந்த ஊர்க்காரர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார மாட்டார், நம் வீட்டுப் பெண்ணைக் கேட்க மாட்டார். தெற்கத்திச் சபைகளில் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிவிட்டு வெவ்வேறு வரிசையில் உட்கார்ந்த காலம் இருந்தது, தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இருந்தன, கல்யாணப் பேச்சில் சாதி இன்றைக்கும் இருக்கிறது. இதே அசரியா தெலுங்கு நாட்டில் மாலா, மாதிகா என்ற இரண்டு ஒடுக்கப்பட்ட சாதியாரும் ஒரே பந்தியில் நற்கருணை எடுக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தலையில் கை வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்ற பவுலின் உறுதிமொழியைத் தன்னுடையதாகச் சொல்லும்படி செய்தார். படித்தவர், சம்பளம் வாங்குகிறவர் என்று அதில் பிரிவில்லை. நேற்றுவரை கிணற்றடிக்கு வரவிடப்படாத விவசாயக் கூலியும் அதைச் சொன்னார், சாட்சி வாரங்களில் அடுத்த கிராமத்துக்கு நடந்துபோய்ச் சொல்லவும் செய்தார். அரிசி அனுப்பிய ஊரைவிட, அரிசி போய்ச் சேர்ந்த ஊர் சில விஷயங்களில் முந்திக்கொண்டது. அனுப்பியவர்களுக்கு அது தெரிந்திருந்தால் தங்கள் ஜெபத்தையே கொஞ்சம் திருத்தியிருப்பார்களோ என்னவோ.

இந்தக் குறைகளோடும், ஜெபத்தைக் கொடையோடு கட்டிய அந்த மரபு நின்றுபோகவும் இல்லை. 1950களின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்து வாலிபர்களின் ஜெபக் குழுக்களாகத் தொடங்கியதுதான் எஃப்.எம்.பி.பி. என்று எல்லோரும் சொல்லும் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு. பல ஆண்டு ஜெபம் மட்டும்தான். 1960களின் பிற்பகுதியில் தர்மபுரிப் பக்கத்து மலைக்கு முதல் ஊழியர் போனார். 1970களிலிருந்து வட இந்தியா, குஜராத்தின் டாங்ஸ், இன்றைய ஜார்க்கண்டில் மால்டோ மக்கள் வாழும் மலைகள். உள்ளூர்க் காணிக்கையில் நடக்கிறது. அந்தக் குழுக்களின் பழைய கூட்டங்களில் இருந்தவர்கள் நினைவில் வைத்திருப்பது பாட்டையோ பிரசங்கத்தையோ அல்ல, பாயில் விரித்த இந்திய வரைபடத்தை. கையெழுத்தில் ஊர்ப் பெயர் எழுதிய ஜெப அட்டை ஆளுக்கொன்று சுற்றி வரும். யாருக்கு எந்த மாவட்டம் விழுந்ததோ அதன் மொழி, நோய், மழை எல்லாம் ஒரு மாதத்துக்கு அவர் கவலை. மால்டோ மலைகளில் காலா அசார் காய்ச்சலில் ஆட்கள் சாகிறார்கள் என்று அட்டை சொன்னால், ஜெபித்த கூட்டத்தில் நர்ஸ் படிப்பு முடித்த ஒரு பெண் இருந்தால், அப்புறம் அவள் வீட்டில் சும்மா இருப்பது கஷ்டம். இன்றைக்குச் செல்போனில் ஜெபக் குறிப்பு வருகிறது, கீழே நூறு ஆமென் வரிசையாக விழுகிறது, க்யூ.ஆர். கோடு காட்டினால் காணிக்கையும் போய்விடுகிறது. தொகையில் அது பிடியரிசியைவிடப் பல மடங்கு. பணத்தைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை, ஊழியருக்குப் பெட்ரோல் போட அரிசி உதவாது. ஆனால் மாதம் பிறந்ததும் வங்கியே கழித்துக்கொள்ளும் தொகையில், கொடுத்தவர் அன்றைக்கு யாருக்காகக் கொடுத்தோம் என்று நினைக்க ஒரு நொடிகூடத் தேவைப்படுவதில்லை. நாளுக்கு இரண்டு தடவை கை நீட்டி எடுக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் பெண் தோர்ணக்கலை நாளுக்கு இரண்டு தடவை நினைத்தாள்.

காலம் மாறிவிட்டது, கூட்டுக் குடும்பமில்லை, மண்ணடுப்பில்லை, இனி அது நடக்காது என்பது கடைசியாக வரும் சமாதானம். மிசோரமில் இருக்கும் கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பூஃபாய் தாம் என்று அவர்கள் சொல்லும் பிடியரிசி அங்கே 1910வாக்கில் தொடங்கியது, நம் வழக்கத்தை அப்படியே உரித்து வைத்தாற்போல. சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி தனியே போகிறது, சபைப் பெண்கள் முறைபோட்டு வீடு வீடாகப் போய்ச் சேர்க்கிறார்கள், விற்ற பணம் மற்ற மாநிலங்களில் இருக்கும் மிசோ மிஷனரிகளுக்கும் போகிறது. நூற்றாண்டு கடந்தும் நிற்கவில்லை. கேஸ் அடுப்பும் குக்கரும் நமக்கு வந்ததுபோலவே அவர்களுக்கும் வந்தாயிற்று. குக்கரில் போடுவதற்கு முன்னாலும் அரிசியை யாராவது அளக்கத்தானே வேண்டியிருக்கிறது.